தொண்டையில் தங்கிய அழுகை

குறைமாதக் குழந்தைகள் வார்டை ஒட்டிய சின்ன அறையில் அம்மாக்களுக்குப் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுக்கும் நர்ஸுக்கு, அவர்கள் வைத்த பெயர் பால்காரக்கா. அவள் கையைவிட வாய்க்குத்தான் அங்கே மவுசு. பெரிய டாக்டர் மூக்கால் பேசுவதை அப்படியே பேசிக்காட்டுவாள்: "டென்ஷன் ஆகாதீங்கம்மா. டென்ஷன் ஆனா பால் வராது. வரலைன்னா பாப்பாவுக்குத்தான் கஷ்டம். அதனால டென்ஷன் ஆகாதீங்க." சிரித்த சிரிப்பில் ஒருத்தி பாட்டிலையே கவிழ்த்திருக்கிறாள்.

அந்த அம்மாக்களில் ஒருத்தியான டீச்சரம்மாவிடம் மட்டும் எந்த வித்தையும் பலிக்கவில்லை. மகளுக்கு இன்று குழாய்வழி முதல் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு சின்னக் குடல் தாங்குவது தாய்ப்பாலைத்தான். வெந்நீர்த் துணி ஒத்தியாயிற்று, தோளை நீவியாயிற்று. விரலால் அழுத்தி அழுத்தி விட்டும் துளி பிடிக்க வைத்திருந்த சிரிஞ்சு காய்ந்தே கிடந்தது.

"பாப்பாவ நெனச்சுக்கோங்க டீச்சர்."

"எதைக்கா நெனைக்கறது? இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல. வாயில டியூப் இருக்கு, அழுதாலும் சத்தம் வராதாம். எல்லார் மாதிரியும் பேசறீங்களே, அது எப்படி அழும்னு நீங்களே சொல்லுங்க."

பால்காரக்கா முன்பெல்லாம் குழந்தைகள் மாதிரி அழுதும் காட்டுவாள். ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஒரு பையனின் அழுகையை அச்சு அசலாகப் பிடித்துவைத்திருந்தாள். பூனைக்குட்டி போல மெல்ல ஏறும், நடுவில் மூச்சுக்கு நிற்கும், மறுபடி தொடங்கும். பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். அழுகை மட்டும் போகவில்லை. எந்தக் குழந்தை மாதிரி அழ வாயைத் திறந்தாலும் அவன்தான் வந்தான். அதோடு அழுதுகாட்டுவதை விட்டுவிட்டாள்.

"அக்கா?"

பால்காரக்கா காய்ந்த சிரிஞ்சைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். ஏறியது, நின்றது, மறுபடி தொடங்கியது.

டீச்சரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. காம்பு நுனியில் மஞ்சளாக ஒரு துளி திரண்டது. பின்னாலேயே இன்னொன்று.

"வருதுக்கா. நிறுத்தாதீங்க."

சிரிஞ்சில் போதுமான அளவு ஏறும்வரை பால்காரக்கா நிறுத்தவில்லை.

"என் பொண்ணு இப்படித்தான் அழுவாளா?"

"ஆமா டீச்சர்." வேறென்ன சொல்வது?

மறுநாள் அறைக் கதவைத் தள்ளப்போன பால்காரக்கா அப்படியே நின்றாள். உள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அப்படி இல்லங்க," டீச்சரம்மா பக்கத்து நாற்காலிக்காரிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "நடுவுல மூச்சு விட்டு நிறுத்தணும். என் பொண்ணு அப்படித்தான்."

பக்கத்துக்காரி அழுது பார்த்தாள். மூலையிலிருந்து இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். இப்போது அவன் அறை முழுக்க இருந்தான். பாட்டில்களை வாங்கிப் பெயர் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைக்க அவள்தான் உள்ளே போகவேண்டும். பால்காரக்கா கதவில் கை வைத்தபடியே நின்றாள்.