கொத்தனாருக்கு ஒரு முண்டு

ஆதிரா, அனு... இந்த வாரப் பத்தியை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். சண்டை போடாமல். யார் முதலில் படிப்பது என்று போன தடவை பேப்பரையே இரண்டாகக் கிழித்தீர்கள். இந்தத் தடவை கிழித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஏனென்றால் இது உங்கள் கதை.

ஆதிராவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க... ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதப்பிடாது” என்றாள்.

சரி. எழுதவில்லை.

இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புது வீட்டில் பால்காய்ச்சு, குடிபுகும் விசேஷம். காரோட்டில். களியக்காவிளையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள் மாநிலம் மாறிவிடுகிறது. ரேஷன் கார்டு மாற வேண்டும், கேஸ் கனெக்‌ஷன் மாற வேண்டும், பஸ்ஸின் நிறம் மாறுகிறது, பாடப் புத்தகத்தின் எழுத்து மலையாளமாக மாறுகிறது. மாறாதது மழையும் மரச்சீனிக் கிழங்கும்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோதே நாங்கள் இங்கே வந்துவிட்டோம். கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அடுத்த வளவில், சரசம்மா சேச்சியின் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். என் மூத்த மகள் ஆதிரா ஏழாம் வகுப்பு, இளையவள் அனு மூன்றாம் வகுப்பு. இருவரும் பாறசாலைக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கிறார்கள்.

நான் கொத்தனார். இந்தப் பக்கத்தை வாரம்தோறும் படிக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்த கதையையும் முன்பே எழுதியிருக்கிறேன். என் மனைவி லதாவுக்கு அவள் அப்பா கொடுத்த நாலு சென்ட் நிலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை இல்லாத நாட்களிலும் நானே கட்டிய வீடு இது. அஸ்திவாரம், சுவர், பூச்சு, மாடிப்படி... எல்லாம் என் கை. மணலும் கல்லும் சுமந்து தந்த கையாள் லதா. கதவு, ஜன்னல் மட்டும் அதியன்னூர் சுகுமாரன் அண்ணன். ஆசாரி. இருபது வருஷமாக நாங்கள் ஜோடி. அவர் கதவு நிலை வைத்தால் நான் சுவர் எழுப்புவேன்.

மூன்று வருஷம் ஆயிற்று. ஆகட்டுமே!

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் அது நடந்தது. மாடிப்படிக்குக் கடைசி வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். அனு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

“அப்பா, என்ஜினியருக்கு என்ன ஜோலி?”

“பிளான் வரைவாரு. அளவு சொல்லுவாரு. எதுக்கு மக்கா?”

“பின்ன நீங்க ஏன் வெள்ளை அடிக்கிறீங்க?”

“நான் எப்போ என்ஜினியர் ஆனேன்?”

“அக்கா கிளாஸ்ல அப்படியாக்கும் சொல்லியிருக்கா. அவளுக்க கூட்டுகாரிங்க அஞ்சு பேரு ஞாயிற்றுக்கிழமை வாறாங்க. என்ஜினியர் வீடு பாக்க.”

அனுவுக்கு ரகசியம் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பிரஷ்ஷை வாளியில் வைத்தேன். கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயரும் பெற்றோரின் வேலையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். புதுப் பிள்ளை. மலையாளம் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. ஏற்கெனவே எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் வாயில் வந்தது அது.

யோசித்துப் பாருங்கள்... புது ஊர் என்பது என்ன? புது நோட்டுப் புத்தகம் மாதிரி. முதல் பக்கத்தில் எல்லோருக்கும் கையெழுத்து கொஞ்சம் அழகாகத்தான் விழும். நான் மட்டும் என்னவாம்? ஜங்ஷன் டீக்கடையில் “எதுவரை படிச்சு?” என்று கேட்டபோது “பிளஸ் டூ” என்று சொன்னவன்தானே!

அதைவிடப் பெரிய ஒன்றும் ஞாபகம் வந்தது. ஆதிரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சாயங்காலம் அவளைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். போவதற்கு முன் சைட்டிலேயே கை கால் கழுவி, சிமென்ட் சட்டையைப் பைக்குள் சுருட்டி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் போவேன். ஒரு நாள்கூட வேலைச் சட்டையோடு போய் அந்தக் கேட்டில் நின்றதில்லை. அவளும் தினம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? அப்பாவின் வேலை மறைக்க வேண்டியது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சரி. சொன்னது சொன்னதுதான். பிள்ளை புது வகுப்பில் தலை குனிந்து நிற்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பால்காய்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. பால் அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் வீடு கட்டிய பணிக்காரர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும். மூத்த ஆசாரி நடு ஹாலில் நின்று ஒவ்வொருவரையும் வேலை சொல்லி, பெயர் சொல்லி, எல்லோரும் கேட்கும்படி விளிப்பார். விளிக்கப்பட்டவர் முன்னால் வருவார். வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கோடு ஒரு புது முண்டு, அதாவது வேட்டி, கொடுப்பார். அதன் பிறகுதான் வீடு வீட்டுக்காரருடையது. அதுவரை அது பணிக்காரருடையது!

நான் இப்படி எத்தனையோ ஹாலில் நின்று முண்டு வாங்கியிருக்கிறேன். ஆதிராவும் அனுவும் தொட்டிலில் ஆடியதே ஊரார் வீட்டுப் பால்காய்ச்சு முண்டுகளில்தான்.

இப்போது வீட்டுக்காரனும் நான். கொத்தனாரும் நான்.

சனிக்கிழமை காலை சுகுமாரன் அண்ணன் கடைசிக் கதவுக்குக் கொண்டி மாட்ட வந்தார். அவரிடம் மெல்லச் சொன்னேன்.

“அண்ணே, நாளைக்குக் கொத்தனாரை விளிக்கண்டாம்.”

“எலே, ஒனக்கு வட்டு பிடிச்சிருக்கா? கொத்தனை விட்டுட்டு எப்படிப் பால் காய்ச்சுவ?”

“நானே குடுத்து நானே வாங்கினா ஆளுங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டு. நல்ல காரியந்தானே!”

“வேண்டாம் அண்ணே. ஒரு காரியம் உண்டு. பொறவு சொல்லுதேன்.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “இருவது வருசம் ஒண்ணா நின்னு வாங்கினோம். ஒனக்க சொந்த வீட்டுல எனக்குப் பக்கத்துல நிக்க ஒனக்குக் கொறச்சலா?”

கொண்டி மாட்டிவிட்டு டீ குடிக்காமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆதிராவின் தோழிகள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். கூடவே ஒரு பிள்ளையின் அம்மா. அவர்களும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். வந்தவுடனேயே மாடிப்படியில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். ஹாலிலிருந்து மொட்டை மாடிக்கு வளைந்து ஏறுகிற படி. கைப்பிடிச் சுவரும் கூடவே வளையும். அதைப் பூச எனக்குப் பதினொரு நாள் ஆனது.

“ஆராணு இது பணிஞ்ஞது?” என்று என்னிடமே கேட்டார். யார் செய்தது என்று.

நான்தான் என்று வாய்வரை வந்தது. ஆதிரா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நல்ல ஒரு மேஸ்திரி உண்டு. நம்பர் பின்னே தராம்” என்றேன். நம்பர் பிறகு தருகிறேன் என்று.

உலகத்தில் வேறு எந்தக் கொத்தனாராவது தன்னைத் தானே சிபாரிசு செய்துவிட்டு, அது தான்தான் என்று சொல்லாமல் விட்டிருக்கிறானா?

பிறகு விளி தொடங்கியது. தன் முண்டை முதலில் வாங்கிக்கொண்டு சுகுமாரன் அண்ணன் நடு ஹாலில் நின்றார். வயரிங் பார்த்தவர், பைப் போட்டவர், பெயின்டர்... ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே வந்து வாங்கினார்கள். கூடியிருந்தவர்கள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார்கள். லதா தீப்பெட்டியை எடுத்துவிட்டாள்.

சுகுமாரன் அண்ணன் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“இனி ஒராளு உண்டே” என்றார். “இந்த வீட்டுக்கக் கொத்தன்.”

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“அவரு... வரல்ல” என்றேன்.

என் சொந்த வீட்டு ஹாலில், என் சொந்தச் சுவருக்கு முன்னால், நான் வரவில்லை என்று நானே சொன்னேன்!

தட்டில் ஒரு முண்டு மிச்சம் இருந்தது. லதா எண்ணாமல் வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த முண்டை ஒரு கை எடுத்தது. சின்னக் கை.

ஆதிரா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக என் முன்னால் வந்தாள். வெற்றிலை ஒரு பக்கம் சரிந்து விழப்பார்த்தது.

“கொத்தனாரு வந்திருக்காரு” என்றாள். “எனக்க அப்பாவாக்கும்.”

பிறகு தோழிகள் பக்கம் திரும்பி, மலையாளத்தில், “என்றெ அச்சனாணு மேஸ்திரி. ஞான் கள்ளம் பறஞ்ஞதா” என்றாள். என் அப்பாதான் மேஸ்திரி, நான் சொன்னது பொய் என்று.

தோழிகளில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “அப்போ என்ஜினியர் ஆரா?”

படியில் உட்கார்ந்திருந்த அனு பதில் சொன்னாள். “என்ஜினியர் ஒண்ணும் வந்ததே இல்ல. அப்பா ஒற்றைக்குக் கெட்டினதாக்கும்!”

முதலில் சிரித்தது அந்தப் பிள்ளையின் அம்மாதான். “நம்பர் தராம்னு பறஞ்ஞ ஆளு நிங்ஙள் தன்னேயாணோ!” என்று கேட்டார். அந்த ஆள் நீங்களேதானா என்று. அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தோழிகள் ஐந்து பேரும் படியில் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டார்கள். வளைவைக் கையால் தடவிப் பார்க்க அவர்களுக்குள் போட்டி.

நான் முண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாங்குகிற பணிக்காரர் “வீடு நிறையட்டும்” என்று சொல்ல வேண்டும். எத்தனையோ வீட்டில் தடங்கல் இல்லாமல் சொன்ன வாய்... அன்றைக்கு எனக்காக அதைச் சுகுமாரன் அண்ணன்தான் சொன்னார். சொல்லிவிட்டு, “இனி டீ குடிக்கலாம்” என்றார்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கம். நல்ல சகுனம் என்றார்கள். எனக்கு அதற்கு முன்னாலேயே பொங்கிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆதிராவைத் தனியாகக் கேட்டேன். “ஏன் மக்கா சொன்னே? அப்பாதான் சமாளிச்சுட்டேனே?”

“அந்த மாமன்மாரு எல்லாரும் சிரிச்சிட்டு வந்து வாங்கினாங்க. நீங்க மட்டும் அங்கயே நின்னுட்டு வரல்லன்னு சொன்னீங்க. எனக்குப் பாக்க முடியல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். போய்த் தோழிகளோடு பாயசம் குடித்தாள்.

லதாவிடம், “ஒரு முண்டு கூடுதலா வாங்கிட்டியா?” என்று கேட்டேன்.

“கூடுதல் ஒண்ணும் இல்ல. மண்ணு சுமந்தவ நானாக்கும். வீடு கெட்டினது யாருன்னு எனக்கு அறியாதா?” என்றாள்.

உண்மைதான். ஆனால் மண் சுமந்தவளை யாரும் பெயர் சொல்லி விளிக்கவில்லை. கையாளுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். அந்த வழக்கத்தை நான் என் வீட்டிலிருந்தே மாற்றப்போகிறேன். சுகுமாரன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளே, என் மகள் பொய் சொன்னாள் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. பொய்யை எல்லோரும் சொல்கிறோம். சொன்ன பொய்யை, யாரும் கண்டுபிடிக்காதபோதே, கேட்டவர்கள் முன்னாலேயே போய்த் திருப்பி எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? பிளஸ் டூ படித்தவன் என்று சொன்ன டீக்கடையில் நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டு வயசில் அவளுக்கு முடிந்தது, எனக்கு இன்னும் முடியவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட ஜங்ஷனுக்குப் போனார்கள். வீட்டில் நான் மட்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுத் தரை போட்டிருக்கிறேன். தரை காய்ந்ததும் பணிக்காரன் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிடுவான். அதற்கப்புறம் அதில் கால் வைக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

புது முண்டை உடுத்திக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். ஹாலின் நடுவில் சட்டை இல்லாமல் மல்லாந்து படுத்தேன். சில்லென்று இருந்தது. அப்புறம் திரும்பி, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுகப் பார்த்தேன்.

தென்மேற்கு மூலையில் தரை ஒரு நூல் அளவு சரிவாக இருக்கிறது... கொத்தனாரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.