அண்ணிக்குக் கொடுத்த கிடேரி

என் அண்ணன் ஒரு கல்லுளிமங்கன். கூடப் பிறந்தவன் என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். மெலிந்து நீண்ட கை. பதினோரு மாடு நிற்கிற கொட்டகைக்கு அது வேண்டும். கன்று வயிற்றுக்குள் கோணிக் கிடந்தால், தோள்வரை சோப்பு நுரையைப் பூசிக் கையை உள்ளே விட்டுத் திருப்பி வைப்பாள். ஈத்துக் காலம் முடியும்வரை அவள் கையில் அந்த வாடை போகாது. சாப்பிடும்போது அண்ணன் அவளைத் தள்ளி உட்காரச் சொல்வான்.

எங்கள் செவலைப் பசு முதல் சினையாக இருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அது போடும் பெண்கன்று.

"செவலை கிடேரி போட்டா எனக்குன்னு குடுங்க."

அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல ஒரு முளைக்கயிறுகூட இல்லை. அண்ணனும் சரி என்றான். செவலை நாலு ஈத்தும் காளைக்கன்றுதான் போட்டது.

ஐந்தாவது ஈத்தில் இரட்டை. எங்கள் கொட்டகையில் அதுவரை நடக்காதது. காளைக்கன்று வந்த பிறகு அண்ணி மறுபடி கைவிட்டு ஒரு கிடேரியை எடுத்தாள்.

"இந்தா, இது உனக்கு," என்றான் அண்ணன் சிரித்துக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காளையோடு பிறந்த கிடேரி சினை பிடிக்காது என்று அப்பா எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். அண்ணி பிறந்த வீட்டில் மாடே கிடையாது. அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல் பேசாமலிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய். அண்ணனுக்குப் பயந்தேன்.

இரண்டரை வருஷம் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். தவிட்டைச் சலித்துப் போட்டாள். அது பருவத்துக்கு வரவேயில்லை. மாட்டு டாக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்.

"காளையோட பொறந்ததாம்மா? இது சினை பிடிக்காது. வீட்ல சொல்லலையா?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதே," என்றான் அவன். "உனக்கேத்த மாடுதானே குடுத்தேன்."

மறுவாரம் கறிக்கு வண்டி வந்தது. அவள் கையாலேயே கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தாள்.

அடுத்த ஈத்துக் காலத்தில் செவலை காலையிலிருந்து முக்கியது. கன்றின் முன்னங்கால் இரண்டும் தெரிந்தன, தலை வரவில்லை. அண்ணன் கத்திக் கூப்பிட்டும் அண்ணி நிதானமாகக் கை கழுவிவிட்டுத்தான் வந்தாள். வெகுநேரம் உள்ளே தடவினாள். செவலை திரும்பி அவள் முதுகை நக்கியது. கன்றின் தலை நேராக இருக்கிறதா, பின்னால் மடங்கியிருக்கிறதா என்பது உள்ளே போன கைக்கு மட்டும்தான் தெரியும். மடங்கிய தலையோடு இழுத்தால் தாய்க்கு உள்ளே கிழிந்துவிடும்.

"தலை நேராத்தான் இருக்கு. கயித்தைப் போட்டு இழுங்க."

நேராக இருந்தால் கன்றின் மூக்கைப் பிடித்து அவளும் கூடவே கொண்டுவருவாள். அன்று கையை உருவிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணனும் பால் எடுக்க வந்த பால்காரரும் தரையில் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தார்கள். செவலைக்கு உள்ளே கிழிந்தது. அந்த வாயில்லா ஜீவன் யாருக்கு என்ன பாவம் செய்தது? சாயங்காலம்வரை கத்திக் கத்திச் செத்தது.

அண்ணி குழாயடியில் நகக்கண்ணைக்கூட விடாமல் தேய்த்துக் கழுவினாள். அண்ணன் என்னிடம் வந்தான்.

"நீ பக்கத்துலதானே நின்ன? அவ சொன்னது நெசமா?"

"எனக்கென்னண்ணே தெரியும்," என்றேன்.