அடுப்பில் காய்ந்த பூட்ஸ்

1. முள் இல்லை, ஆணி

பாகூர்ப் பக்கம் நடந்த கால்பந்துக் கோப்பைப் போட்டியின் ஃபைனல். பந்தை இடப்பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப வலது காலை ஊன்றினேன். உள்ளங்காலில் சுருக்கென்று ஏறியது. முதலில் முள் என்றுதான் நினைத்தேன். பூட்ஸுக்குள் முள் எங்கிருந்து வரும்? அடுத்த அடி வைத்தபோது விளங்கிவிட்டது. ஆணி!

இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. எழுபதுகளில் நாங்கள் போட்ட பூட்ஸின் அடித்தட்டு மாட்டுத் தோல். அதில் தோல் கட்டைகளை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். அதைத்தான் ஸ்டட் என்போம். அடித்தட்டு கெட்டியாக இருக்கும்வரை கவலையில்லை. அது சுருங்கி ஆணி தளர்ந்தால், நாம் மிதிக்க மிதிக்க ஆணி மேலே வரும். நமக்குள்தான் வரும்.

அடித்தட்டு ஏன் சுருங்கியது என்பதும் எனக்குத் தெரியும். முந்தின நாள் பிராக்டீஸில் நல்ல மழை. பூட்ஸ் சொதசொதவென்று ஊறிவிட்டது. வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வந்து, "இது நாளைக்குள்ள எப்படிக் காயும்?" என்று கத்தினேன். என் மனைவி பிலோமினா அப்போது நெல் அவித்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் துணி, விறகு, வரட்டி எல்லாமே நெல் அவிக்கிற அடுப்போரம்தான் காயும்.

"ஏன் கத்தறீங்க? இங்க வெச்சா ஒரு நொடியில காஞ்சிடும்" என்று பூட்ஸை அடுப்போரம் சாத்தினாள்.

காலையில் எடுத்தேன். மொறமொறவென்று இருந்தது. காய்ந்துவிட்டதே என்று அப்போது சந்தோஷம் வேறு! மடையன் நான், வளைத்துப் பார்க்கவில்லை.

2. கப்பு வந்தால்தான் வேலை

பந்தாட்டம்தான் எனக்குத் தொழில். ஆனால் ஆட்டத்துக்கென்று கையில் எதுவும் தரமாட்டார்கள். மில் டீமுக்கு ஆடினால் மில்லில் வேலை. நான் அங்கே பதிலி ஆள். தினமும் காலையில் கேட்டில் நிற்பேன். யாராவது வரவில்லையென்றால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பி, கரும்பு வெட்ட யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக இந்தப் பிழைப்பு. பிலோமினா அப்போது மாசமாக இருந்தாள்.

அந்த வாரம் ஸ்போர்ட்ஸ் செகரட்டரி என்னைக் கூப்பிட்டார்.

"ஆரோக்கியம், கப்பு மில்லுக்கு வந்தா நீ பர்மனென்ட். மேல பேசிட்டேன். வரலைன்னா டீமையே கலைச்சுடலாம்னு சொல்றாங்க. அப்பறம் என்னைக் கேக்காத."

"கப்பு வரும் சார்" என்றேன். வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

3. சைக்கிள் ட்யூப்

பாதி ஆட்டம் முடிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. பூட்ஸைக் கழற்றினால் மேஜோடு ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கேப்டன் கோவிந்தன் அண்ணன் மில்லில் நூல் நூற்கிற ஸ்பின்னிங் பிரிவில் மேஸ்திரி. உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஆணி இம்மாந்தூரம் வந்துகீது! வெளிய ஒக்காந்துக்கறியா?"

"வெறுங்கால்ல ஆடறேண்ணே."

"பூட்ஸ் இல்லாம ரெஃப்ரி உள்ள வுடமாட்டாரு."

வேறு பூட்ஸ் இரண்டு பேரிடம் இருந்தது. சேற்றில் உழன்று அகன்ற என் பாதம் எதிலும் நுழையவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் தன் சைக்கிள் பையிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற ட்யூப் துண்டு கொடுத்தார். கேப்டன் கருங்கல்லால் ஆணியை அடித்து இறக்கி, மேலே ட்யூபை வைத்தார். அவர் அடித்த ஒவ்வொரு அடிக்கும் எனக்கு பிலோமினா மேல் கோபம் ஏறியது. கப்பு போகட்டும், வீட்டுக்குப் போய் அந்த அவிக்கிற அண்டாவைத் தூக்கித் தெருவில் எறிகிறேன் என்று கறுவினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

4. கொக்கு

செகண்ட் ஆஃபில் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு ட்யூபையும் துளைத்துக்கொண்டு ஆணி வந்துவிட்டது. ஓட முடியவில்லை. அதுவரை நான் ஓடியே பேர் வாங்கியவன். பந்து எங்கே போனாலும் பின்னால் ஓடுவேன். இப்போது இடது காலில் நின்று, வலது காலை லேசாகத் தூக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. என் பிழைப்பு என் கண்ணெதிரே மற்றவர்கள் காலில் போய்க்கொண்டிருந்தது.

எதிரணியில் என்னைத் தடுக்க நின்ற ஸ்டாப்பர் கடலூர்க்காரர். முதல் பாதியில் என் சட்டைக்குள்ளேயே குடியிருந்தவர். இப்போது சிரித்தார்.

"இன்னாயா, ஏரியில கொக்கு மாரி நிக்கற? மீன் புடிக்கப் போறியா?"

வழக்கமாக இதற்கு நான் கையை நீட்டியிருப்பேன். அன்று கைக்கும் தெம்பில்லை. சும்மா நின்றேன்.

சும்மா நின்றதால்தான் ஒன்று கவனித்தேன். அவர் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் இரண்டடி நகர்ந்தாலும் திரும்பவில்லை. செத்த பாம்பை யார் அடிப்பார்கள்?

ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். கோவிந்தன் அண்ணன் நல்ல உயரம், தலையால் அடிப்பதில் கெட்டிக்காரர். அவர் முன்னால் ஏறி வந்ததும் ஸ்டாப்பர் என்னை விட்டுவிட்டு அவரிடம் ஓடினார். நான் தூரத்துப் போஸ்ட் பக்கம் நொண்டிக்கொண்டே போய் நின்றேன். கோல் லைனில் எதிரணி பேக் ஒருவன் நின்றான். அதனால் எனக்கு ஆஃப்சைடு கிடையாது.

பந்து உயர்ந்து வந்தது. அண்ணன் தலையில் பட்டுச் சறுக்கி என்னை நோக்கி இறங்கியது. வலது பக்கம் வா, வலது பக்கம் வா என்று மனசு அடித்துக்கொண்டது. வலது காலால் உதைத்தால் இடது காலை ஊன்றினால் போதும். பந்து இடது பக்கம்தான் வந்தது. இடது காலால் உதைக்க வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் வலது காலில், அந்த ஆணியின் மேல் இறக்க வேண்டும்.

மாதாவே என்று இறக்கினேன்.

பந்து போனதை நான் பார்க்கவில்லை. கண் இருட்டிவிட்டது. சத்தம் கேட்டுத்தான் கோல் என்று தெரிந்தது. எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். நான், "காலு! காலு!" என்று அலறினேன்.

விசில் ஊதியதும் அந்த ஸ்டாப்பர் வந்தார். "நல்லா நடிச்சு ஏமாத்திட்டியே" என்றார். பூட்ஸைக் கழற்றிக் காட்டினேன். அவர் என் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, என்னை வேன்வரை நடத்திக்கொண்டு போய் ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரம் பர்மனென்ட் ஆனேன். மில்லில் என் பெயர் கொக்கு என்றே ஆகிவிட்டது. முன்வரிசையில் ஆடுகிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோல் அடிப்பவனுக்கு ஓட்டம் பாதி வேலை. மீதிப் பாதி, எதிராளி உன்னை மறக்கிற இடத்தில் போய் நிற்பது. எனக்கு அதை ஓர் ஆணி சொல்லிக்கொடுத்தது.

5. வீடு

வீட்டுக்கு வந்தபோது பிலோமினா வாசலில் நின்றிருந்தாள். அண்டா எங்கே என்றுதான் முதலில் பார்த்தேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"கப்பு வந்துடுச்சு. வேலையும்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. பிறகு கேட்டாள்: "பூட்ஸ் நல்லா காஞ்சிருந்துதா?"

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். "நல்லா காஞ்சிருந்துது" என்றுதான் வந்தது.

"ஏன் நொண்டறீங்க?"

"பந்தாடுனா கால் வலிக்காதா?"

அவள் மஞ்சளும் எண்ணெயும் சூடாக்கி எடுத்து வந்து காலைக் கழுவிக் கட்டினாள். பூட்ஸை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

கால் ஆறி மறுபடி பிராக்டீஸுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் அடுப்போரம் பார்த்தேன், காணோம். கொட்டகையின் நிழலில், காற்று வருகிற பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பூட்ஸுக்குள்ளும் வைக்கோல் திணித்திருந்தது. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். ஒவ்வோர் ஆணியின் மேலும் துணியை நான்காக மடித்துத் தைத்திருந்தாள்.