மச்சான்ட வயரில்லாத கீபோட்

ஒங்கட ஊட்டுக்கு ஒரு மாப்புள வந்து, ஒங்கட றூமுக்குள்ள, ஒங்கட மேசைக்கு முன்னால, ஒங்கட சுத்துற கதிரையில சாஞ்சி கெடந்து, வயரே இல்லாத கீபோட் ஒண்ட மடியில வெச்சி டைப் பண்ணினா நீங்க என்ன செய்வீங்க? சிரிச்சிட்டு தேத்தண்ணி கொண்டு போய்க் குடுப்பீங்களா? நான் குடுத்தன். மூணு மாசமா குடுத்தன். சிரிச்சிட்டுத்தான் குடுத்தன். உள்ளுக்குள்ள எரிஞ்ச எரிவு எனக்குத்தான் தெரியும்.

வெளியூர் ஆக்களுக்கு ஒண்டு செல்லணும். எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா பொண்ணு மாப்புளட ஊட்டுக்குப் போறல்ல. மாப்புளதான் பொண்ட ஊட்டுக்கு வாற. ஊடு பொம்புளப் புள்ளக்கித்தான். என்னப் போல ஆம்புளப் புள்ள நாளைக்கி வேற யாரோ ஒருத்திட ஊட்டுக்குப் போகப்போறவன்தானே, அவனுக்கென்னத்துக்கு றூம் எண்டு எல்லாரும் நெனைக்கிற. அப்பிடித்தான் சாஞ்சமருதுல நான் பொறந்து வளர்ந்த ஊட்ட, நான் படிச்சி, படுத்து, செவத்துல போஸ்டர் ஒட்டி வெச்சிரிந்த றூம், ராத்தாட, என்ட அக்காட, கலியாணம் முடிஞ்ச கிழமையே மச்சான்ட ஒபிஸ் ஆகிட்டு. வைஃபை பெட்டி அந்த றூம் செவத்துல இரிக்கி, மருமகனுக்கு லைன் வெட்டுப்படாம வேணும், நீ வெளிய இரி எண்டு உம்மா ஒரே வரியில செல்லிட்டா. நானும் என்ட லெப்டொப்பும் சாப்பாட்டு மேசைக்கு வந்துட்டம். ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ், மத்தப் பக்கம் ஊறுகாய்ப் போத்தல்.

என்ட லெப்டொப்பப் பத்தி ரெண்டு வார்த்த. பெரியம்மாட மகன் பாவிச்சிக் கழிச்சது. மௌஸ் மாதிரி தடவுற இடம் அரைவாசி செத்துட்டு. ஈ பட்டன் கழண்டு போய்ட்டு, அதுக்குக் கீழ இரிக்கிற ரப்பர் மொட்ட நகத்தால குத்தணும். இங்கிலீசுல ஈ இல்லாம ஒரு வரி எழுதிப் பாருங்க, அப்ப விளங்கும். நான் ஒலுவில் கெம்பஸ்ல கடைசி வரிசம். அறுவது பக்க ரிப்போட் ஒண்டு குடுக்கணும். அறுவது பக்கத்துல எத்தின ஈ எண்டு என்ட நகத்தக் கேளுங்க.

மச்சான்ட கீபோட், மௌஸ் செட் எப்பிடித் தெரியுமா? மெல்லிசா, வெள்ளையா, என்டதப் போல தடிச்ச மாசிக்கருவாட்டுத் துண்டா இல்லாம நல்ல பிஸ்கட் மாதிரி இரிக்கும். வலது பக்கம் நம்பர் எல்லாம் தனியா. மௌஸ கிளிக் பண்ணினா சத்தமே வராது. லெப்டொப்ப என்ட ஏஎல் பொருளியல் புத்தகம் மூணுக்கு மேல ஏத்தி வெச்சிரிப்பாரு. ஸ்க்ரீன் கண்ணுக்கு நேரா இரிந்தா கழுத்து வலிக்காதாம். லெப்டொப் அங்க, கீபோட் இஞ்ச மடியில, மௌஸ் கதிரைக் கையில. வெளிநாட்டுக் கடை ஒண்டுக்கு வாங்க வாற ஆக்கள் இன்டர்நெட்டுல கேக்குற கேள்விக்கி டைப் பண்ணிப் பதில் குடுக்குறதுதான் அவர்ட வேல. பகல் ரெண்டு மணிக்குத் தொடங்கும். ரெண்டு மணியிலிரிந்து அந்தக் கீபோட் சத்தம் மழத் தூத்தல் மாதிரி மெதுவா கேட்டுக்கிட்டே இரிக்கும். நான் இஞ்சால நகத்தால குத்திக்கிட்டு இரிப்பன்.

இன்னும் ஒரு விசயம் இரிக்கி. அதச் செல்லாட்டி ஒங்களுக்கு என்ட எரிச்சல் விளங்காது. எங்கட ஊட்ட விருந்தாக்களுக்குத் தேத்தண்ணித் தட்டு மூடுற லேஸ் துணி ஒண்டு இரிக்கி. பெருநாளைக்கி மட்டும் அலுமாரியால வெளிய வரும். அத எடுத்து உம்மா மச்சான்ட கீபோட்டுக்கு மேல போத்தி வெச்சிரிக்கா. கடல் காத்துல உப்புத் தூசி படிஞ்சிரும் எண்டு. என்ட லெப்டொப்புக்கு மேல ஒரு நாள் ராத்தா மீன் கறி ஆணச் சட்டியோட மூடிய வெச்சிட்டுப் போயிரிந்தா. கேட்டதுக்கு, சூடு ஆறிட்டுத்தானே எண்டு ஒரு பதில்.

ஒரு வெள்ளிக்கிழம காலையில மச்சான் மருதமுனைக்கு அவர்ட உம்மாவப் பார்க்கப் போனாரு. ராத்தாவும் பைக்ல பின்னால ஏறிட்டா. என்ட உம்மா குசினிக்குள்ள. நான் றூமுக்குள்ள போய் லேஸ் துணியத் தூக்கினன். மச்சான்ட லெப்டொப்ட சைட்ல குத்தியிரிந்த ரிசீவரக் கழட்டினன். கீபோட்டுக்கும் மௌஸுக்கும் சேர்த்து அந்த ஒண்டுதான். புளியங்கொட்டையில பாதி கூட வராது. கொண்டு போய் என்ட லெப்டொப்ல குத்தின ரெண்டு செக்கன்ல மௌஸ் ஓடுது. லெப்டொப்ப றூமுக்குத் தூக்கி வந்து மேசையில வெச்சி, என்ட பழைய கதிரையில சாஞ்சி, கீபோட்ட மடியில போட்டு ரிப்போட்ட அடிச்சன். முக்கா மணித்தியாலத்துல நாலு பக்கம். வல்லாஹி, ஈ எல்லாம் தண்ணி மாதிரி வருது.

சந்தோசம் வரணும்தானே. வரல்ல. கொதிதான் வந்திச்சி. இந்தச் சுகத்த இந்த மனிசன் மூணு மாசமா ஒவ்வொரு நாளும் அனுபவிக்காரு. அதுவும் என்ட கதிரையில.

அந்த நேரம் பாத்து கேட்டுப் பக்கம் பைக் சத்தம். கீபோட்ட இடத்துல வெச்சன், லேஸ் துணியப் போத்தினன், என்ட லெப்டொப்பத் தூக்கினன், ரிசீவரக் கழட்டினன். மச்சான் பைக்க நிப்பாட்டி, செருப்பக் கழட்டி, உம்மாட கையில மீன் பேக்கக் குடுத்து, சுகம் விசாரிச்சி உள்ள வர ரெண்டு நிமிசமாவது ஆகும். ரிசீவரத் திருப்பிக் குத்த ரெண்டு செக்கன் போதும். அவசரத்துல மறந்துட்டன் எண்டு ஒங்களுக்கு நான் செல்லலாம். பொய். ரிசீவர் என்ட விரலுக்குள்ளதான் இரிந்திச்சி. குத்தல்ல. சேட் பொக்கெட்டுக்குள்ள போட்டன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவரும் லெப்டொப்ட கீபோட்ல குனிஞ்சி கெடந்து அடிக்கட்டும். கழுத்து வலிக்கட்டும். அதுக்கு மேல ஒண்டும் நான் நெனைக்கல்ல.

ஜும்ஆத் தொழுகைக்கு ரெண்டு பேரும் ஒரே பைக்ல போனம். ஒரே சப்புல, ஒரே வரிசையில, பக்கத்துல பக்கத்துல நிண்டு தொழுதம். குத்பாப் பிரசங்கம் என்னத்தப் பத்தி எண்டு மட்டும் கேக்காதீங்க, ஒரு வார்த்த காதுல விழல்ல. ஒவ்வொரு தரம் குனியக்குள்ளயும் பொக்கெட்டப் புடிச்சிக்கிட்டுத்தான் குனிஞ்சன்.

ஒண்டே கால் போல மச்சான் றூமுக்குள்ள போனாரு. கொஞ்ச நேரத்துல ரிசீவரக் காணல்ல எண்டு ஊடே தேடக் கிளம்பிட்டு. ராத்தா மேசைக்குக் கீழ படுத்துப் பாக்கா. உம்மா காலையில கூட்டின குப்பையத் திருப்பிக் கொண்டு வந்து, மா அரிக்கிற அரிதட்டுல போட்டு அரிக்கா. நானும் டோர்ச் அடிச்சித் தேடினன். நான் தேடின மாதிரி ஒருத்தரும் தேடல்ல. இடையில ராத்தா என்ன ஒரு மாதிரிப் பாத்து, நீ இந்தப் பக்கம் வந்தியா எண்டு கேட்டா. ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்துல இரிக்கிறவனுக்கு இஞ்ச என்ன வேல எண்டு திருப்பி ஏறினன். மச்சான்தான் அவவ அடக்கினாரு. எங்கயாவது விழுந்திரிக்கும், பரவாயில்ல, பொறகு பாப்பம் எண்டாரு. கல்முனைக்கு ஓடிப்போய் புதுசு வாங்கவும் ஏலா. ஜும்ஆவுக்குப் பூட்டின கடை ஒண்டும் இன்னும் தொறக்கல்ல. மணி ரெண்டாகப் போகுது. மச்சான் கதவுச் சீலைய இழுத்து விட்டுட்டு வேலைக்கி இரிந்துட்டாரு.

நான் சாப்பாட்டு மேசையில காதக் குடுத்துட்டு இரிந்தன். லெப்டொப் கீபோட் சத்தம் எப்பிடி இரிக்கும் எண்டு எனக்குத் தெரியும்தானே. ரெண்டு மணி, ரெண்டே கால், ரெண்டரை. ஒரு சத்தமும் இல்ல. ஃபேன் சத்தம் மட்டும். வேல செய்யாம படுத்துட்டாரோ எண்டு சீலைய விலக்கிப் பாத்தன்.

மச்சான் எழும்பி நிக்காரு. புத்தகத்துக்கு மேல இரிக்கிற லெப்டொப்புக்குக் கிட்டக் குனிஞ்சி, ஸ்க்ரீன்ல ஒரு கீபோட் படத்தத் தொறந்து வெச்சி, ஒத்த விரலால தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தாத் தேடி அமத்துறாரு. ஒரு எழுத்து. தடவல். இன்னொரு எழுத்து. சேட் முதுகோட ஒட்டிக் கெடக்கு. ஸ்க்ரீன் ஓரத்துல மெசேஜ் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து குவியுது.

எனக்கு விளங்கல்ல. "மச்சான், லெப்டொப்ட கீபோட்ல அடிங்களேன்" எண்டன்.

எங்களுக்குள்ள நான் அவருக்கும் மச்சான், அவர் எனக்கும் மச்சான். திரும்பிப் பாத்து, "உள்ள வாங்க மச்சான், சீலைய விடுங்க" எண்டாரு. பொறகு குரல எறக்கி, "இது கலியாணத்துக்கு முதலே செத்த கீபோட்" எண்டாரு.

தடவிக்கிட்டே செல்லி முடிச்சாரு. கலியாணத்துக்குப் பத்து நாள் இரிக்கக்குள்ள மருதமுனை ஊட்ட யாரோ சின்னப் புள்ள ஃபலூடாக் கிளாசத் தட்டி ஊத்திட்டு. ஒரு பட்டனும் வேல செய்யல்ல. திருத்த நேரமில்ல. பொண்ணு ஊட்டுக்குப் பழுதாப் போன லெப்டொப்போட போறதா, ஆக்கள் என்ன நெனைப்பாங்க எண்டு வெக்கம். கூட்டாளி ஒருத்தன் கலியாணத்துக்குக் குடுத்த பரிசுதான் இந்த செட். லெப்டொப்பப் புத்தகத்துக்கு மேல ஏத்தினதும் கழுத்துக்காக இல்லையாம். ஒருத்தரும் சும்மா வந்து அந்தப் பட்டன்ல கைய வெச்சிரக் கூடாது எண்டுதானாம். ராத்தாவுக்கே தெரியாதாம்.

"மூணு மாசம் பாத்திட்டுத்தான் வேலைய நிரந்தரமாக்குவாங்க மச்சான்" எண்டாரு. "இதுதான் மூணாவது மாசம். ஒங்கட ராத்தாட்டச் செல்லாதீங்க."

ரிசீவர் அவர்ட முகத்துக்கும் எனக்கும் இடையில, என்ட பொக்கெட்டுக்குள்ள. எடுத்து நீட்ட ஒரு செக்கன். கை போகல்ல. மூணு மாசமா இந்த மனிசன் படம் காட்டுறாரு எண்டு நெனச்சி எரிஞ்சவன் நான். அவர் காட்டினது படம்தான், ஆனா என்ன எரிய வெக்க இல்ல, அவர்ட வெக்கத்த மறைக்க. அது விளங்கின பொறகும் கை போகல்ல.

மூணே கால் தாண்டி அவருக்குச் சின்ன இடைவேள. அஸர் தொழுகைக்கு வுழூ செய்ய, கை கால் முகம் கழுவ, பின்பக்கம் போனாரு. நான் பாஞ்சி உள்ள போனன். லெப்டொப்ல நேரா குத்தினா மாட்டுப்படுவன். மௌஸக் கவுத்து, பெட்டரி மூடியத் தொறந்தா அதுக்குள்ள ரிசீவர வெச்சிக்கொள்ள ஒரு சின்ன இடம் இரிக்கி. அதுக்குள்ள சொருகி மூடினன். என்ன மூளை எண்டு என்ன நானே மெச்சிக்கிட்டன். அவர் தொழுதுட்டு வந்ததும் வாசல்ல நிண்டு, பெரிய கண்டுபுடிப்பு மாதிரி, "மச்சான், மௌஸ்ட வயித்துக்குள்ள பாத்தீங்களா?" எண்டன்.

மச்சான் மௌஸக் கையில எடுத்தாரு. மூடியத் தொறந்தாரு. ரிசீவர விரலால தட்டி உள்ளங்கையில போட்டாரு. அதப் பாத்தாரு. பொறகு என்னப் பாத்தாரு.

"இந்த மூடிய ஒண்டே காலுக்கே தொறந்தன் மச்சான்" எண்டாரு. "பெட்டரியும் மாத்தினன்."

அவ்வளவுதான். சத்தம் போடல்ல, ஏன் எண்டு கேக்கல்ல. உள்ள வெச்சது நான்தான் எண்டு அவருக்கு விளங்கிட்டு. ராத்தா வெளிய இரிந்து கெடச்சிட்டா எண்டு கேட்டா. நான் வாயத் தொறக்க முதல் அவரே, "ஓம், மௌஸுக்குள்ளயே கெடந்திரிக்கி, நான்தான் சரியாப் பாக்கல்ல" எண்டு பதில் குடுத்துட்டு, ரிசீவரக் குத்தி, கதிரையில இரிந்து, மடியில கீபோட்டப் போட்டு அடிக்கத் தொடங்கிட்டாரு. அண்டைக்கி மட்டும் பதில் கெடைக்காம கழண்டு போன ஆக்கள் கொஞ்ச நஞ்சமில்ல. அவர்ட மேலதிகாரி ரெண்டு தரம் கேட்டு எழுதியிரிந்தாரு. அத நான் அவர்ட தோளுக்குப் பின்னால நிண்டு வாசிச்சன்.

உம்மா அல்ஹம்துலில்லாஹ் செல்லி ஃப்ரிட்ஜுக்குள்ள இரிந்த வட்டலப்பத்த வெட்டினா. மருமகனுக்குப் பெரிய துண்டு. தேடிக் குடுத்த புள்ளைக்கும் ஒரு துண்டு குடுங்க மாமி எண்டு மச்சான் செல்லித்தான் எனக்கு வந்திச்சி. அந்தத் துண்ட நான் எப்பிடி முழுங்கினன் எண்டு கேக்காதீங்க.

மறுநாள் காலையில மச்சான் செட்டத் தூக்கி வந்து ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்துல வெச்சாரு. ரெண்டு மணி வரைக்கும் எனக்குச் சும்மாதான், நீங்க ரிப்போட்ட முடிங்க எண்டாரு. ரெண்டு மணிக்கு மட்டும் கையில வந்துரணும். அண்டைக்கிலிரிந்து ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். ரிப்போட் நாப்பத்தி ஏழாம் பக்கத்துல நிக்கி.

நான் திருந்திட்டன் எண்டு நெனைக்காதீங்க. முதல் அவர்ட கீபோட்டப் பாத்து எரிஞ்சன், இப்ப அவர்ட குணத்தப் பாத்து எரியிறன். ஒரு ஏச்சு ஏசியிரிந்தா கணக்கு முடிஞ்சிரும். ஏசவும் மாட்டாரு, காட்டிக் குடுக்கவும் மாட்டாரு. ராத்தாவுக்கு இவர், உம்மாவுக்கு இவர், றூம் இவருக்கு, இப்ப நல்ல மனிசன் எண்ட பேரும் இவருக்கு. அந்தப் பேரு என்னால கெடச்சது எண்டு தெரிஞ்சவனும் நான் ஒருத்தன்தான். அவர்ட வேல போனா அது யாரால எண்டு தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர்.

அவர்ட வேல நிரந்தரமா இல்லையா எண்டு மெயில் வருமாம், இந்தக் கிழமைக்குள்ள. இந்தக் கதையையும் அந்தக் கீபோட்லதான் அடிக்கன். மச்சான் பின்பக்கம் குளிக்காரு. நேரம் ஒண்டு அம்பத்தாறு, கீபோட்டக் குடுக்க இன்னும் நாலு நிமிசம். மெயில் இன்னும் வரல்ல.