தாச்சிக்குக் குறுக்கே நின்ற மாமரம்

விசுவமடுவில் வைஃபை பூட்டிக் கொடுக்கும் ஒருவரை நான் தேடிப் போனது ஒரு தாச்சிக்காக. கணினியில் செருகும் மலிவான யூஎஸ்பி வைஃபை துண்டை பொரிக்கிற அலுமினியத் தாச்சியின் நடுவில் பொருத்தினால் தூரத்து வைஃபையையும் இழுக்கலாம். அப்படி ஒன்று அவர் கூரையில் இருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால் ஈயக்கம்பி. எனக்காகச் செய்துகொண்டிருந்த தாச்சியை நகத்தால் தட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வாய் திறந்தார்.

இரண்டு வயல் தள்ளியிருந்த வீட்டு அம்மா ஒரு பை மாம்பழத்தோடு வந்தார்.

“தம்பி, நீங்கள் சொன்னபடி மாமரத்தைத் தறிச்சுப்போட்டன். எண்டாலும் கனடாவில இருக்கிற மகளோட கதைக்கேக்க அவளின்ர முகம் அப்பிடியே நிண்டுபோகுது.”

“வேர் கிடக்கெல்லே அம்மா? அதையும் கிண்டி எடுங்கோ.”

அம்மா தலையாட்டிக்கொண்டு போனார்.

“மரம் உண்மையிலேயே மறைச்சதோ?” என்று கேட்டேன்.

டொக். “ஓம், என்ர தாச்சிக்கு மறைச்சது. அவான்ர வைஃபைக்குப் பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்ததே நான்தான். இப்ப எனக்கு நல்லா இழுக்குது, அவாவுக்குப் போதாமக் கிடக்கு.”

“அப்ப வேர்?”

டொக். “வேர் என்ன செய்யும்? அதைக் கிண்டி முடியுமட்டும் அவா இஞ்சால வரமாட்டா.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு பழத்தை வெட்டிப் பாதியை எனக்கு நீட்டினார். நல்ல இனிப்பு.

யாராவது கேட்டால் அவரைக் கொடியவர் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் தாச்சியை நான் விட்டுவிட்டு வரவில்லை. எங்கள் கூரையில் ஏறிப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்று குறுக்கே நிற்கிறது.