காரணம்: ரிசல்ட்

காலை ஐந்து ஐம்பதுக்கு வேலாயுதம் மாமாவின் போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். "எப்போ?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். செக்கிங் அக்கா போய்விட்டார். வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று பிளஸ் டூ ரிசல்ட்.

அவருடைய பெயர் சம்பூர்ணம். வேலாயுதம் மாமா அவருடைய வீட்டுக்காரர். அக்கா, ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், மாதனூர்ப் பக்கம், ஒரு ஷூ கம்பெனியின் பெண்கள் கேட்டில் பதினாறு வருஷம் செக்யூரிட்டியாக இருந்தார். சேலைக்கு மேல் நீலச் சட்டை, கழுத்தில் விசில். காலையில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் பெண்களிடம் போனை வாங்கி வைக்க வேண்டும். சாயங்காலம் அவர்கள் பையையும் இடுப்பையும் தடவிப் பார்த்து வெளியே விட வேண்டும். போன் உள்ளே போகக் கூடாது, தோல் வெளியே வரக் கூடாது. விரல் நீளத் துண்டாக இருந்தாலும் திருட்டுதான்.

அவரை யாருக்கும் பிடிக்காது. பஸ் நிற்கும்போதே, "இட்லிய எண்ணி வெச்சுக்கோங்கடி, செக்கிங் நிக்கிது" என்று யாராவது சொல்வார்கள். அவருக்கும் அது கேட்கும். "எண்ணவே வேணாம், வாசனையிலயே தெரியுது, நேத்து மாவு" என்பார்.

என் அம்மா மரியம்மாள் அங்கே தையல் லைனில் இருந்தாள். நான் பிளஸ் டூ எழுதிய வருஷம், ரிசல்ட் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு அம்மா மிஷினில் இருப்பாள். அதனால் அவள் அன்று காலை தன் பட்டன் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் புளிசோற்றுக்கு அடியில் புதைத்து எடுத்துக்கொண்டு போனாள். மாதனூர் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு நான் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. பாத்ரூமில் போய்ப் பேசிக்கொள்வாளாம்.

செக்கிங் அக்கா டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். திறக்கவில்லை.

"மரியம்மா, இன்னிக்கு சோறு ஜாஸ்தி கனமா கீதே."

அம்மாவுக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. பிடிபட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, மெமோ வேறு.

"பொண்ணுக்கு ரிசல்ட்டுக்கா."

அவர் புளிசோற்றுக்குள் கை விட்டுப் போனை எடுத்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ போ, மிஷின்ல உக்காரு" என்றார். அவ்வளவுதான்.

பத்தே காலுக்கு நான் கூப்பிட்டேன்.

"அம்மா!"

"அம்மா இல்ல. செக்கிங். எவ்ளோ மார்க்கு?"

அம்மா மாட்டிக்கொண்டாள், வேலை போய்விட்டது என்று நினைத்தேன். "எங்கம்மா எங்க?"

"உங்கம்மா மிஷின்ல கீறா. மார்க்க சொல்லு."

"அம்மாகிட்டதான் சொல்வேன்."

"அடியே, நான் கேட்ட வுட்டுட்டுப் போய்ச் சொல்லணும். பேஜார் பண்ணாம சொல்லுடி. பாஸா இல்லியா?"

"பாஸுதான்" என்றேன், அழுதுகொண்டே. "தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு."

செக்யூரிட்டி கேட்டை விட்டு நகரக் கூடாது. அவர் நகர்ந்தார். மிஷின் சத்தத்தில் பேசினால் கேட்காது. கத்தினால் சூப்பர்வைசர் வருவார். அதனால் கீழே கிடந்த கறுப்புத் தோல்துண்டு ஒன்றை எடுத்தார். தோலில் தையல் கோடு போட சில்வர் பென் என்று ஒன்று வைத்திருப்பார்கள், வெள்ளி நிறத்தில் எழுதும். பக்கத்து மிஷின் நசீமுன்னிசா அக்காவின் சில்வர் பென்னைப் பிடுங்கி, துண்டில் 941 என்று எழுதி, அம்மாவின் ஊசிக்கு முன்னால் வைத்தார். அம்மா அதைத் தைக்க வேண்டிய பீஸ் என்று நினைத்து ஊசிக்கடியில் தள்ளப் பார்த்தாளாம். நசீமுன்னிசா அக்காதான் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டி, "அரே, படி! உன் பொண்ணு மார்க்கு!" என்றிருக்கிறார்.

மதியம் கேன்டீனில் அந்தத் துண்டு மேசை மேசையாகச் சுற்றி வந்தது. அம்மா அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் கேட்டுக்கு வந்தாள். செக்கிங் அக்கா தடவிப் பார்த்தார். கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். பின்னால் அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"நானே குடுத்துட்டு நானே புடிக்கிறேன் பாரு" என்றார்.

கொடுக்கவில்லை. மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். அம்மா வீட்டுக்கு வந்து, பாஸான பெண்ணைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் செக்கிங்கைத்தான் திட்டினாள்.

மறுநாள் அவர் துண்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் ஹபீப் சாரிடம் போனார். கம்பெனியிலிருந்து எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். ஹபீப் சார் சிரித்துக்கொண்டே பாஸ் எழுதினாராம். பொருள்: வேஸ்ட் லெதர் பீஸ் ஒன்று. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. "ரிசல்ட்டுன்னு போடுங்க சார்" என்றார் இவர். அப்படியே போட்டார். அந்தத் துண்டு இப்போதும் அம்மாவின் பைபிளுக்குள் இருக்கிறது. சில்வர் பென் மை துடைத்தால் போகிற மை, அதனால் எண் மங்கிவிட்டது. அம்மாவுக்கு அது தெரிகிறதாம்.

துண்டைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் இன்னொன்றும் கேட்டார். "பொண்ண அடுத்து இன்னா பண்ணப் போற?"

"இங்கதான்க்கா. ஃபோல்டிங் செக்ஷன்ல ஆள் எடுக்கறாங்களே."

"உன் பொண்ணு இந்த கேட்டாண்ட வந்தா உள்ள வுட மாட்டேன். சொல்லிட்டேன்."

அம்மா அதை விளையாட்டு என்று நினைத்தாள். ஒரு வாரம் தினமும் போனை வாங்கும்போது, "காலேஜ் ஃபாரம் வாங்கிட்டியா?" என்று கேட்டாராம். வாங்காவிட்டால் போனுக்கான டோக்கனைக் கொடுப்பதற்கு நேரமாக்குவாராம். அந்தத் தொல்லை தாங்காமல்தான் அம்மா என்னை மேல்விஷாரத்துக்கு அழைத்துப்போய் பி.காம். சேர்த்தாள். இன்று நான் ஒரு கல்லூரி ஆபீசில் அட்மிஷன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் என் மேசைக்கு வரும் மார்க் ஷீட்டுகளைத் தொடும்போது அவருடைய நினைவு வரும். அவர் வீட்டுக்கே போய் நன்றி என்று சொன்னபோது, "மூணாம் மனுஷங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லாத, சாப்ட்டுப் போ" என்றார்.

அடுத்த வருஷத்திலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பரீட்சை முடிந்ததும் அம்மாக்கள் பிள்ளைகளின் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் எழுதி அவரிடம் கொடுத்துவிடுவார்கள். ரிசல்ட்டுக்கு முதல் நாளே அவர் கேட் பாஸ் வாங்கி, துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டிப் பெயர் எழுதி வைத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் டீ பிரேக்கில் உள்ளே போக ஹபீப் சார் அனுமதி. ஃபெயிலான பிள்ளையின் துண்டில் எதுவும் எழுத மாட்டார். "அந்தப் புள்ள இன்னும் எழுதி முடிக்கல. முடிச்சப்புறம் நானும் எழுதறேன்" என்று அம்மாவிடம் காட்டிவிட்டுத் தானே வைத்துக்கொள்வார். ஆனால் அம்மாவிடம் போவதற்கு முன்னால் முதலில் பிள்ளைக்குப் போன் போடுவார்.

இவ்வளவும் தெரிந்ததால்தான், சாவு வீட்டில் வேலாயுதம் மாமா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தபோது, உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே தெரிந்தது. பதினான்கு துண்டுகள். சில்வர் பென். பதிவெண் எழுதிய காகிதம். ஒரு பாக்கெட் சாக்லேட். ஹபீப் சார் முதல் நாளே கையெழுத்துப் போட்ட கேட் பாஸ்.

"ஒன்பதரைக்கு வருமாமே. பதினாலு பேரும் லைன்ல காத்துனு இருப்பாங்க" என்றார் மாமா.

அக்காவின் தமக்கை அமிர்தவள்ளி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "நல்லா கீது. சாவு வூட்ல மார்க்கு பாக்கறாங்களாம்" என்றார்.

"அவ சாவுதானே அண்ணி. அவ வேலைதானே" என்றார் மாமா.

பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் போனில் ரிசல்ட் பார்த்தேன். சைட் இருபது நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று எண்களைப் படித்தாள், நான் துண்டில் எழுதினேன். அவர் எழுதிய பெயருக்குக் கீழே என் கையெழுத்து கோணலாகத் தெரிந்தது. பறை வந்து சேர்வதற்குள் பதிமூன்று துண்டுகள் முடிந்தன. பதினான்காவது, அம்பிகா என்பவரின் மகன் ஜீவா. கெமிஸ்ட்ரியில் போயிருந்தது.

காகிதத்தில் அவன் போன் நம்பரும் இருந்தது. எழுந்து தெருக்கோடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"ஜீவா, செக்கிங் அக்கா எடத்துலருந்து பேசறேன்."

"அவங்க செத்துட்டாங்களே. அம்மா பஸ்லருந்து போன் பண்ணாங்க."

"ஆமா. அவங்க வேலைய இன்னிக்கு நான் பாக்கறேன்."

"நான் பாத்துட்டேன்க்கா" என்றான்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"வூட்ல யாரு இருக்கா?"

"சித்தி."

"சித்திகிட்ட போனக் குடு. நீ சாப்டு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பாத்து சொல்லுங்கக்கா. மிஷின்ல கைய வுட்டுடுவாங்க."

சித்தியிடம் பேசி, அவனை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்கு பஸ் ஏறினேன்.

அந்த கேட்டுக்கு நான் அதுவரை வந்ததே இல்லை. ஏஜென்சி அனுப்பிய புதுப் பெண் என் போனை வாங்கிக்கொண்டு, பையைத் தடவிப் பார்த்தாள். ஹபீப் சார் தானே வெளியே வந்து என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். "மூணு மணிக்கு பஸ் சொல்லியிருக்கேன், எல்லாரும் வருவாங்க" என்றார்.

சாப்பாட்டு நேரம். துண்டுகளைக் கொடுத்தேன். காலையிலிருந்து அழுத முகங்கள். பூங்குழலி என்ற பெண் அறுநூறுக்கு மகள் வாங்கிய 571-ஐப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். நசீமுன்னிசா அக்கா சாக்லேட் பாக்கெட்டைக் கிழித்தார். "எடுங்க. அவ வாங்கினது. துன்னாம வெச்சா நாளைக்கு செக்கிங்ல மாட்டுவீங்க" என்றார். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அத்தனை வாயும் சாக்லேட் மென்றது.

அம்பிகா என் கையில் மிச்சமிருந்த துண்டைப் பார்த்துவிட்டார். பாஸா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"எதுல?"

"கெமிஸ்ட்ரி மட்டும். அவன்கிட்ட பேசிட்டேன். சித்தி கூட இருக்காங்க. சாப்பிடச் சொன்னேன்."

அவர் துண்டை வாங்கி, மகன் பெயரை எழுதிய எழுத்தைக் கட்டைவிரலால் தொடப்போய், மை அழிந்துவிடும் என்று விரலை எடுத்துக்கொண்டார். "இது அவங்க எழுத்து" என்றார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீயே வெச்சுக்க. அவன் எழுதி முடிச்சதும் நீ எழுதிக் குடு."

வெளியே வரும்போது புதுப் பெண் என் பையில் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்தாள். "இது இன்னா? தோலு வெளிய போகக் கூடாது." பதினான்கு துண்டுக்கான கேட் பாஸை நீட்டினேன். உள்ளே பதிமூன்று, பையில் ஒன்று என்று எண்ணிக்கொண்டு, கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள். "காரணம், ரிசல்ட்." என்னை ஒருமுறை பார்த்தாள். போகச் சொன்னாள்.

துணைத்தேர்வு ஜூன் கடைசியில். துண்டும் பேனாவும் என் மேசையில் இருக்கின்றன. ஜீவா என்ற பெயருக்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை.