டிஸ்க்கே இல்லை என்றது சர்வர்

வெண்மதிக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் படங்களைச் சேமித்து வைக்கும் லினக்ஸ் சர்வர் அவள் பொறுப்பு. அது ஒழுங்காக ஓடும்வரை அவளை யாரும் கண்டுகொள்வதில்லை.

2009 ஆடி மாதத்தில் ஒரு நாள், ஸ்கேன் மென்பொருளின் புதுப் பதிப்புக்காக சர்வரின் கர்னலை, அதாவது மொத்த இயக்கத்துக்கும் அடிப்படையான நிரலை, மாற்றச் சொன்னார் சர்வீஸ்காரர் செம்பியன். மாற்றி, ரீஸ்டார்ட் செய்தாள். கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடி, டிஸ்க்கே இல்லை என்று சொல்லி நின்றன. பழைய கர்னலுக்குத் திரும்பவும் வழியில்லை. இடம் போதாது என்று செம்பியன் சொன்னதால் அதைக் காலையிலேயே அழித்திருந்தாள்.

போனில் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "டிஸ்க் போயிருக்கும் மேடம். ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா போட்டுடுங்க."

"பண்ணா படமெல்லாம் போயிடுமே!"

"பேக்கப் இருக்கும்ல?"

பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று டாக்டர் ராஜகணேஷிடம் கேட்டுக் கேட்டு அவள் அலுத்துப்போயிருந்தாள். இப்போது அதே டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னுமா ஆவல? அந்தம்மாவோட போன வருஷப் படம் வேணும். கட்டி வளந்திருக்கா இல்லையான்னு பாத்தாத்தான் ஆபரேஷனான்னு சொல்ல முடியும்."

வெளியே பெஞ்சில் ஆரோக்கியம்மாள் உட்கார்ந்திருந்தார். வீட்டில் வைத்திருந்த போன வருஷ ஃபிலிம் மழையில் நனைந்து வீணாகிவிட்டதாம்.

டிஸ்க் சுழலும் சத்தம் வெண்மதிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது சாகவில்லை. டிஸ்க்கோடு பேச வேண்டிய ட்ரைவர் என்ற சிறு நிரல் புதுக் கர்னலோடு சேராமல் விட்டுப்போயிருக்கிறது. மீட்பு சிடியைப் போட்டாள். எந்த ட்ரைவர் என்று கேட்டு, ஒன்றுபோலவே இருக்கும் பெயர்களை அது வரிசையாகக் காட்டியது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் இல்லை. அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாலும் இல்லை. நடுவில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கத்தி ஓய்ந்தது. கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

சிதம்பரம் கிளையில் இதே மாதிரி சர்வர் ஒன்று பழைய கர்னலோடு ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த எக்ஸ்ரே டெக்னீஷியன் குஞ்சிதபாதத்தைப் போனில் பிடித்து, என்ன தட்ட வேண்டும் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவரும் திரையில் வந்த ட்ரைவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கரண்ட் வந்ததும் அதையே தேர்ந்தெடுத்தாள். டிஸ்க் இல்லை.

"சார், சரியாத்தான் படிச்சீங்களா?"

"சரியாத்தாம்மா படிச்சேன். எனக்கென்ன கண்ணா தெரியல?"

இனிப் போனில் பேசிப் பயனில்லை என்று அவள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே போனாள். வழியில் டாக்டரிடமிருந்து ஓயாமல் போன் வந்தது. "செம்பியன் வரேங்குறாரு. ஃபார்மட் பண்ணச் சொல்லிடட்டுமா?"

"நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது சார்!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள்.

சிதம்பரத்தில் அந்தத் திரையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெயரின் நடுவே ஓர் அடிக்கோடு இருந்தது. அதற்குப் பின்னும் நாலைந்து எழுத்துகள் இருந்தன. அவர் படித்த பாதிப் பெயரிலேயே பட்டியலில் இன்னொரு ட்ரைவர் இருந்ததால்தான் ஏமாந்திருந்தாள்.

"கோடு போட்டிருந்துச்சா, பேரு அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேம்மா" என்றார் குஞ்சிதபாதம். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அவரைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை.

கடலூருக்குத் திரும்பி, முழுப் பெயருள்ள ட்ரைவரைத் தேர்ந்தெடுத்தாள். டிஸ்க் தெரிந்தது. அந்த ட்ரைவரை, கர்னல் எழும்போதே படிக்கும் தொடக்கக் கோப்பில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தாள். படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

ஆரோக்கியம்மாள் அதே பெஞ்சில்தான் இருந்தார். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வளரல. இப்ப ஆபரேஷன் வேணாம்" என்றார். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வெண்மதி பேக்கப் டிஸ்க் பேச்சை மறுபடியும் எடுத்தாள்.

"அதான் ஓடுதுல்லம்மா? அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அடுத்த வாரமே அவள் புதுச்சேரியில் ஒரு வேலைக்கு மனுப் போட்டாள். கிடைத்ததும் போய்விட்டாள்.